வாடகைக்கு விடும் பழைய வீடு: கான்கிரீட் வேலையை எங்கிருந்து தொடங்குவது

அந்தத் துண்டு என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சமையலறை சீலிங்கிலிருந்து பெயர்ந்து, அடுப்பிலிருந்த சாம்பார் சட்டியின் விளிம்பில் பட்டு, தரையில் விழுந்து மூன்றாக உடைந்திருந்தது. ஒரு பக்கம் புத்தம் புது வெள்ளைப் பெயிண்ட். திருப்பிப் பார்த்தால் கம்பி படுத்திருந்த தடம், செம்மண் நிறத்தில். திருவான்மியூரில் பழைய மாடி வீடு ஒன்றை வாங்கி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து வாடகைக்கு விட்டுப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. "நல்லவேளை சார், பாப்பா ஸ்கூலுக்குப் போயிருந்தா" என்றார் குடியிருந்தவர். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த இடம் லேசாக உப்பியிருந்ததை வாங்கும்போதே பார்த்திருந்தேன். "பூச்சு விட்டிருக்கு சார், கொத்திப் பூசிடலாம்" என்றார் மேஸ்திரி. பூசினார். குறை சொல்ல முடியாத பூச்சு. கோளாறு அதற்கு மேலே இருந்த கம்பியில்.

முதல்முறையாகப் பழைய வீடு வாங்கிச் சரிசெய்து வாடகைக்கு விட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பொறியாளர் இல்லை. மூன்று வீடுகளில் காசு விட்டுக் கற்றவன். வேலையின் வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், அடுத்து கம்பி, அப்புறம்தான் அழகு. வீடு பார்க்க வருபவர் கண்ணில் படுவது பெயிண்டும் டைல்ஸும்தான் என்பதால் நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

வாங்கும் முன்: டார்ச்சும் சுத்தியலும்

வீட்டை இரண்டு முறை பாருங்கள். ஒருமுறை நல்ல வெயிலில், இன்னொரு முறை மழை பெய்த மறுநாள். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை காலத்தில் பார்க்க முடிந்தால் அதிர்ஷ்டம். ஏப்ரலில் பளபளவென்று இருக்கும் வீடு நவம்பரில் வேறு முகம் காட்டும்.

கையில் ஒரு டார்ச், ஒரு சின்ன சுத்தியல். டார்ச்சை சீலிங்குக்கு நேராக அடிக்காமல், சுவரை ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். உப்பலும் மேடுபள்ளமும் நிழலாகத் தெரியும். பிறகு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் 'டங்' என்று கெட்டியாகச் சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் காலி டப்பாவைப் போல 'தொப்' என்னும். அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே வந்தால் அரை மணி நேரத்தில் வீட்டின் வரைபடம் உங்கள் கையில். வீட்டுக்காரர் முகம் சுளித்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தட்ட வேண்டிய இடங்கள்: மேல்மாடி சீலிங், பாத்ரூமுக்குக் கீழே இருக்கும் சீலிங், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், சன்ஷேடு, பால்கனி விளிம்பு, கார் நிறுத்தும் இடத்தில் தூண்களின் அடிப்பகுதி. கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். காரைக் கழுவும் தண்ணீரும் தெருவில் தேங்கும் மழைநீரும் முதலில் நனைப்பது அந்த ஓரடியைத்தான்.

எல்லா விரிசலும் ஒன்றல்ல. பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நூல்போல ஓடும் விரிசல் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இரண்டும் வேறு வேறு பொருள், வெயிலுக்கு வேறு வேறு அளவில் விரியும். சீலிங்கில் ஒரே இடைவெளியில் அடுத்தடுத்து நேர்கோடுகளாக ஓடும் விரிசல் வேறு சங்கதி. அது கம்பி ஓடும் வழி. துருப்பிடித்த கம்பி தன் படத்தைத் தானே வரைந்து காட்டுகிறது. பீமிலோ தூணிலோ சாய்வாக ஓடும் விரிசலைக் கண்டால் சொந்தமாக முடிவெடுக்காதீர்கள். பொறியாளர் வரும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, சீலிங்கில் ஒரே ஒரு அறை மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால், அந்த அறையை இரண்டு மடங்கு நேரம் பாருங்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் ரொம்பப் பழைய வீடு என்றால், மேலே இருப்பது கான்கிரீட்டா என்பதையே முதலில் உறுதி செய்யுங்கள். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸாக இருக்கலாம். அதற்கு இந்தக் கட்டுரை உதவாது. அதைத் தெரிந்த கொத்தனார் வேண்டும்.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பலாம். நல்ல கான்கிரீட் கடும் காரம். காரத்தை அளக்கும் பிஹெச் எண் அதில் 12.5க்கு மேல். அந்தக் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தைக் குறைக்கும். பிஹெச் 9 பக்கம் வந்துவிட்டால் படலம் போய்விடும். கடலோரத்தில் உப்பு அதுவரைகூடக் காத்திருக்காது. காரம் இருக்கும்போதே படலத்தைத் துளைத்துவிடும். உப்பு காற்றிலும் வரும், கட்டும்போது கலந்த உவர்நீர் போர்வெல் தண்ணீரிலும் வந்திருக்கும். துருவாக மாறிய இரும்பு பழைய அளவைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் எங்கே போகும்? வெடித்து விழும்.

கம்பிக்குக் கீழே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதுதான் அதன் ஆயுள். இதை 'கவர்' என்பார்கள். உப்புக்காற்று படாத இடத்திலேயே ஸ்லாபுக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 வேண்டும். கடற்கரையை ஒட்டி இன்னும் அதிகம். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்கும் பழக்கம் பரவாத காலத்தில் கட்டிய வீடுகளில் கம்பி கிட்டத்தட்ட சென்ட்ரிங் தகட்டின் (கான்கிரீட் ஊற்றும் அச்சு) மேலேயே படுத்திருக்கும். என் சமையலறையில் அளந்தபோது 8 மில்லிமீட்டர் இருந்தது. அதற்கு மேல் மேஸ்திரியின் பூச்சு ஓர் அங்குலம்!

பொறியாளரைக் கூப்பிடுவது

தட்டிப் பார்த்ததில் நாலைந்து இடத்துக்கு மேல் 'தொப்' என்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அழைத்து வாருங்கள். வேலையை எடுத்துச் செய்யப்போகிறவரே "நானே பார்த்துச் சொல்றேன், ஃப்ரீ" என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள். சில பேர் ரீபவுண்டு ஹேமர் என்ற கருவியால் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்து "ஸ்ட்ரென்த் சூப்பர் சார்" என்பார்கள். கரியமில வாயு இறங்கிய பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு இறுகியிருக்கும், ஆகவே அந்தக் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை மட்டும் நம்ப வேண்டாம். ஓர் இடத்தில் கொத்திப் பார்த்து, புதிதாக உடைந்த பரப்பில் ஃபீனாப்தலின் கரைசல் தெளிக்கச் சொல்லுங்கள். காரம் இருக்கும் இடம் ரோஜா நிறமாகும். போன இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பி வரை போயிருந்தால் விஷயம் பெரிது. இந்தச் சோதனைக்குச் செலவு குறைவு, முடிவு நம் கண்ணுக்கே தெரியும்.

முதல் வேலை: தண்ணீரை நிறுத்துவது

மேலே ஒழுகிக்கொண்டிருக்கும்போது கீழே சீலிங்கைச் சரிசெய்வது ஓட்டைப் பானையில் பட்டி பார்ப்பதுதான். மொட்டை மாடியிலிருந்து தொடங்குங்கள். மழைநீர்க் குழாய்களை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டுக் கீழே எங்கே ஓதம் வருகிறது என்று பாருங்கள். சீலிங் ஏற்கெனவே மோசமாக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள், தண்ணீரும் பாரம்தான்.

இங்கேதான் பெரிய தப்பு நடக்கும். பழைய சுர்க்கி (சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த) தளமும் தட்டோடும் ஒழுகுகின்றன என்றால், அதை எடுக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே மூன்று அங்குலக் கான்கிரீட், அதன் மேல் கூலிங் டைல்ஸ் என்று போடுவார்கள். கணக்குப் பாருங்கள். மூன்று அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 180 கிலோ. ஆள் ஏறும் மொட்டை மாடியில் மனிதர்களும் சாமான்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று வைத்துத்தான் இந்தியத் தர விதிகள் கணக்கிடச் சொல்கின்றன. அந்தப் பார அளவு முழுவதையும் நீங்கள் கான்கிரீட்டாலேயே நிரப்பிவிட்டீர்கள். அப்புறம் தீபாவளிக்கு எல்லோரும் மாடிக்கு ஏறுவார்கள். பழையதை எடுத்த பிறகுதான் புதியது. 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் வைத்து, நீர்த்தடுப்புப் பூச்சைக் கைப்பிடிச் சுவரிலும் ஓரடி ஏற்றி முடியுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையை நேர்கோணமாக விடாமல் வளைவாகப் பூசச் சொல்லுங்கள். அதிகம் ஒழுகுவது அங்கேதான்.

பாத்ரூமில் பள்ளமாக இறக்கிய ஸ்லாப் இருக்கும். அதைப் பழைய செங்கல் துண்டும் இடிபாடும் போட்டு நிரப்பியிருப்பார்கள். ஒரு குழாய் இணைப்பு விட்டால் அந்தப் பள்ளம் முழுதும் குளமாகி, கீழ்வீட்டு சீலிங்கில் சொட்டும். டைல்ஸ் மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முழுக்க எடுத்து, நீர்த்தடுப்பு அடித்து, தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் பார்த்த பிறகே நிரப்ப விடுங்கள். இந்த இரண்டு நாளைத் தவிர்க்க கொத்தனார் ஆயிரம் காரணம் சொல்வார்.

இரண்டாவது வேலை: பெயர்ந்த சீலிங்

நின்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது.

கொத்தத் தொடங்கும் முன் அறையில் முட்டு கொடுக்க வேண்டும். ஜாக்கியும் பலகையும் வைத்து ஸ்லாபைத் தாங்கிய பிறகே உளி மேலே படலாம். அப்புறம் விட்டுப்போன இடத்தைச் சுற்றி, நல்ல கான்கிரீட் தொடங்கும் இடத்தில், கட்டிங் மெஷினால் சதுரமாக ஒரு கோடு வெட்டச் சொல்லுங்கள். கம்பியை வெட்டிவிடாத ஆழம் போதும். விளிம்பு தேய்ந்து மெலிந்து முடிந்தால் ஒட்டு அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

கொத்துவது கம்பி தெரியும் வரை அல்ல, கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் வரை. முக்கால் அங்குலமாவது வேண்டும். கம்பியின் பின்பக்கத் துரு அப்படியே இருந்தால் செய்ததெல்லாம் வீண். கம்பி ஓடும் திசையிலும், துரு முடிந்து சுத்தமான இரும்பு தெரியும் வரை கொத்திக்கொண்டே போக வேண்டும். நாலு சதுர அடி என்று தொடங்கிய வேலை பத்து சதுர அடி ஆவது இதனால்தான். பட்ஜெட்டை முதலிலேயே இரண்டு மடங்காக வையுங்கள்.

கம்பியைக் கம்பி பிரஷால் பளபளக்கத் தேய்த்த பிறகு விட்டத்தை அளந்து பாருங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி தேய்ந்து 7 ஆகியிருந்தால் "ஒரு மில்லிமீட்டர்தானே" என்று தோன்றும். ஆனால் வலு பரப்பளவில் இருக்கிறது: கிட்டத்தட்ட கால் பங்கு, 23 சதவீதம் போயிருக்கும். அந்த நிலையில் பக்கத்திலேயே புதுக் கம்பி கட்ட வேண்டும். புதுக் கம்பி நல்ல பழைய கம்பியோடு எவ்வளவு நீளம் சேர்ந்து ஓட வேண்டும் என்பதைப் பொறியாளர் எழுதித் தர வேண்டும்; கம்பியின் விட்டத்தைப்போல 50 மடங்கு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, அதாவது 8 மில்லிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர்.

பிறகு துருத்தடுப்புப் பூச்சு, அதன் பிறகு பிணைப்புப் பூச்சு. பிணைப்புப் பூச்சு பிசுபிசுவென்று இருக்கும்போதே அதன் மேல் கலவை ஏற வேண்டும். காலையில் அடித்துவிட்டு, டீ குடித்து, சாப்பிட்டு, மூன்று மணிக்குக் கலவை வைத்தால் அது ஒட்ட வைக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் வைத்ததுபோலப் பிரித்துவிடும். என் இரண்டாவது வீட்டில் இதை நேரிலேயே பார்த்தேன். ஆறு மாதத்தில் ஒட்டு முழுசாக, அப்பளம் மாதிரி, கையோடு வந்தது.

கலவை சாதாரண சிமெண்டும் எம் சாண்டும் அல்ல. மேலோட்டமான இடத்துக்குப் பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டர். மூட்டையில் எழுதியிருக்கும் கனத்துக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றக்கூடாது. ஆழமான இடத்துக்கும் பீம், தூணுக்கும் சென்ட்ரிங் அடைத்து மைக்ரோ கான்கிரீட் (தானாகப் பரவும் பொடி ஜல்லிக் கலவை) ஊற்ற வேண்டும். ஜிப்சம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் எதையும் கம்பி அருகில் விடாதீர்கள். சீக்கிரம் காயும், வழவழவென்று இருக்கும், ஈரம் பட்டால் கம்பியை அரிக்கும்.

ஒட்டிய இடம் நன்றாக இருக்க, இரண்டு வருடத்தில் அதற்குப் பக்கத்து இடம் பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கைராசி இல்லை என்று கொத்தனாரைத் திட்டுவோம். உண்மையில் இது மின்வேதியியல். துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம் அதுவரை பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும், உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் பக்கத்துக் கம்பி அந்த வேலையை ஏற்றுக்கொண்டு அரிக்கத் தொடங்குகிறது. கடலோர வீடு என்றால், ஒட்டின் ஓரங்களில் கம்பியோடு சிறு துத்தநாகக் கட்டிகளைக் கட்டிவிடும் முறை இருக்கிறது. கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும். கூடுதல் செலவுதான். ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முட்டு கொடுத்து, குடியிருப்பவரை வெளியேற்றும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதிதாக ஊற்றும் சின்னச் சின்ன கான்கிரீட்

லாஃப்ட், படிக்கட்டின் உடைந்த படி, சம்ப் மூடி. கம்பி போட்ட எதற்கும் எம் 20 என்ற வலுத் தரத்துக்குக் குறைந்த கலவை வேண்டாம். கையில் கலப்பதானால் ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. பெட்டி வைத்து அளக்கச் சொல்லுங்கள், சட்டிக் கணக்கு வேண்டாம். 50 கிலோ மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் போகக்கூடாது, ஈர மணலாக இருந்தால் அதிலும் குறைவு. "கொஞ்சம் தண்ணி ஊத்தினா இழுக்க லேசா இருக்கும் சார்" என்ற குரல் எப்படியும் வரும். அந்த ஒரு குடம் வலுவைத் தின்றுவிடும். குடத்தை நீங்களே கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள், சங்கடமாகத்தான் இருக்கும்.

நனைப்பது குறைந்தது 7 நாள். வெயில் காலத்திலும், இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் பிபிசி (PPC, நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமெண்டுக்கும் 10 நாளாவது. பாத்தி கட்டித் தண்ணீர் விடுவதோ ஈரச் சாக்கு போடுவதோ, காயாமல் இருந்தால் சரி. காலை ஒரு வாளி, மாலை ஒரு வாளி என்றால் நடுவில் பத்து மணி நேரம் அது காய்ந்துகொண்டிருக்கிறது. தாங்கும் இடைவெளி நாலரை மீட்டருக்கு உட்பட்ட ஸ்லாபுக்கு முட்டுகளை 7 நாளுக்கு முன் எடுக்கவே கூடாது, பிபிசி என்றால் இன்னும் சில நாள் பொறுங்கள்.

இடிப்பதில் தொடக்கூடாதவை

தூணிலும் பீமிலும் துளை, வெட்டு எதுவும் வேண்டாம். ஏசி குழாய்க்காக பீமில் ஓட்டை போட்டிருப்பதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! வயரிங்குக்கு ஸ்லாபின் அடியில் காடி எடுப்பதும் அப்படித்தான். இருக்கும் கொஞ்ச நஞ்ச கவரையும் நாமே சுரண்டுகிறோம். ஸ்லாபில் குழாய் இறக்கத்தான் வேண்டும் என்றால் சம்மட்டி வேண்டாம், மெஷினால் வட்டமாகத் துளையெடுக்கும் கோர் கட்டிங் செய்பவரைக் கூப்பிடுங்கள். ஹாலைப் பெரிதாக்க சுவரை எடுக்கும் ஆசை வந்தால், தூணே இல்லாமல் ஒன்பது அங்குலச் சுவரின் மேல் நிற்கும் வீடா என்று பாருங்கள். அப்படியானால் அந்தச் சுவர்தான் மாடியைத் தாங்குகிறது. அடுக்குமாடி என்றால் ஸ்லாபும் பீமும் உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல. சங்கத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கொத்தும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கும், நுரையீரலுக்குக் கேடு. துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. முகமூடி நீங்களே வாங்கிக் கொடுங்கள். இடிபாட்டை ஏரிக்கரையில் கொட்டிவிட்டு வரும் வண்டிக்காரரிடம் கொடுக்காதீர்கள். சென்னையில் அதை மறுசுழற்சி செய்யும் ஆலைகள் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கின்றன.

பணமும் காகிதமும்

மூன்று பேரிடம் விலை கேளுங்கள், ஆனால் மூன்று பேரிடமும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்துக் கேளுங்கள். மொத்தத் தொகை பேச வேண்டாம். கொத்தி முடித்த பிறகு இருவரும் சேர்ந்து அளந்து, சதுர அடிக் கணக்கில் கூலி. தேய்த்த கம்பி, துருத்தடுப்புப் பூச்சு, பிணைப்புப் பூச்சு என ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்தால்தான் அடுத்த கட்டம் என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டும் வரை நிறுத்தி வைக்க ஒப்புக்கொள்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

இந்தச் செலவால் வாடகை ஒரு ரூபாய்கூட உயராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருமான வரியிலும் தனியாகக் கழிக்க முடியாது. சொத்துவரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தை, நீங்கள் செலவழித்தாலும் செலவழிக்காவிட்டாலும், அரசே கழித்துக்கொள்ளச் சொல்கிறது, அவ்வளவுதான். மாதம் 18,000 வாடகை, ஆண்டுக்குச் சொத்துவரி 6,000 என்றால் அந்தக் கழிவு 63,000 ரூபாய். ஆகவே இந்தச் செலவை வீட்டின் விலையில்தான் பேசித் தீர்க்க வேண்டும். பென்சில் வட்டங்களும் பொறியாளர் அறிக்கையும் விலை பேசும் மேஜையில் இருக்கட்டும். வாங்கிய பிறகு அவற்றுக்கு மதிப்பில்லை.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவர் கெடுத்ததாக இல்லாவிட்டால் கட்டமைப்புப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு எழுதாதவரை முன்பணமும் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்க முடியாது. சீலிங் விழுந்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பெல்லாம் வேண்டாம்.

வீட்டை ஒப்படைக்கும் அன்று, ஒட்டுப் போட்ட இடங்களைக் குடியிருக்க வருபவருக்குக் காட்டிவிடுங்கள். ஒளிப்பதில் பயனில்லை, தினமும் அந்த சீலிங்கைப் பார்க்கப்போவது அவர்தான். "ஈரமோ உப்பலோ தெரிந்தால் உடனே போட்டோ அனுப்புங்கள்" என்று நானும் சொல்லி வைத்திருந்தேன். மூன்றாவது வீட்டில், போன நவம்பரில், ராத்திரி பத்து மணிக்கு ஒரு போட்டோ வந்தது. பாத்ரூம் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓதம். தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு, காலையில் சுத்தியலோடு போய் நின்றேன். தட்டினால் எங்கும் 'டங்'. பிளம்பர் கீசருக்குப் போகும் குழாயில் ஒரு வாஷரை மாற்றிவிட்டு, டீக்குக் காசு வாங்கிக்கொண்டு போனார்.